அடியாரும் தீர்க்கதரிசியும்

புதுவை நகரின் வடபாற் கடற்கரையைச் சார்ந்து கிடப்பது குருசுக்குப்பம். வலைத்தொழிலோர் பலர் வாழும் அப்பகுதியை அடுத்த வைத்திக்குப்பத்துக் கடற்றுறைக்கு ஆண்டுதோறும் மாசிமகத்தன்று மயிலத்து முருகப்பெருமானும், தீவனூர் விநாயகப்பெருமானும், சுற்றிலுமுள்ள பிறவூர்த் தெய்வங்களும் எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டருளுவர். அன்று அக்கரை நெடுகிலும் திருநீற்றின் பொலிவும் மேளத்தின் ஒலியும் நிறைந்திருக்கும். ஊர்ப்பெயரின் முற்பகுதியோ, சிலுவையைக் குறிக்கப் போர்த்துக்கேசியர் வழியாகத் தமிழில் வந்து வழங்கும் 'குருசு' என்னுஞ் சொல்லோடு ஒலியொத்து நிற்கின்றது. சைவரும் வைணவரும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருவர் திருநாளை மற்றொருவர் கண்டு வாழ்ந்துவரும் நகரம் புதுவை. இத்தகைய ஊரிற் சமயவினாக்கள் ஏட்டினின்றும் எழுவன அல்ல, திண்ணையினின்றும் எழுவன.

அங்ஙனம் திண்ணையில் எழுந்தது ஒன்று. தீர்த்தவாரி கண்டு மீண்ட முதிய வலைஞர் ஒருவர் தம் பெயரனுக்கு அதிபத்த நாயனார் வரலாற்றை எடுத்துரைத்துக்கொண்டிருந்தனர். தம் குலத்தில் தோன்றி அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து எண்ணப்பெறும் அவரிடத்து அம்முதியவர்க்கு உள்ள பற்று பெரிது. முழுதும் கேட்டிருந்த சிறுவன், "தாத்தா! என்னோடு படிக்கிறவன் சொல்கிறான், உங்களுக்குச் சாமியடியார் எத்தனையோ பேர் உண்டு, தீர்க்கதரிசி ஒருவரும் இல்லை. அதனால் கடவுள் உங்களோடு பேசினதே இல்லை என்கிறான். மெய்தானா?" என்றனன். முதியவர் மறுமொழி கூறாது நெடும்பொழுது கடலை நோக்கியிருந்தனர்.

சிறுவன் வினாவென்று இதனைத் தள்ளிவிடுதல் கூடாது. அடியார் கூட்டம் நிறைந்ததொரு சமயத்தின்கண் இறைவன் திருவாய் மலர்ந்தருளியதே இல்லையெனின், அவ்வடியார் வணங்கியது யாரை? வினாவின் ஆழம் இதுவாகும். இதற்கு விடை காணவேண்டின், அடியார் என்பார் யாவர், தீர்க்கதரிசி என்பார் யாவர் என்பதனை முதற்கண் தெளிதல் வேண்டும். இருதிறத்தாரையும் 'மகான்' என்னும் ஒரு சொல்லிற் பொதிந்து, வேறுபாடின்றி மாலை சூட்டிவிடுதல் இக்காலத்தார்க்கு எளிய வழக்காய்விட்டது. பெருந்தன்மையெனத் தோன்றும் அவ்வழக்கு, உண்மையில் இருவரையும் அறியாமையேயாம்.

தீர்க்கதரிசி என்பது நெடுந்தொலைவு காண்பவர் என்னும் பொருட்டாய வடசொல். கிறித்தவ வேதத்தைத் தமிழிற் பெயர்த்தோர் எபிரேயரின் 'நபி' என்னும் சொல்லுக்கு நேராக இதனை ஆண்டனர். இசுலாமியத் தமிழர் பெயர்க்காது நபி என்றே வழங்குவர். பெயர்த்தோர் தேர்ந்த சொல் அழகியதேயாயினும் பொருளை ஒருபுடை மறைத்துவிட்டது. என்னை? தீர்க்கதரிசி என்ற அளவானே, பின்வருவதை முன்னறிந்து கூறுபவர் என்று கேட்போர் கொள்கின்றனர். பின்வருவது கூறுதலே அப்பெயர்க்கு இலக்கணமாயின், 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் புதுவையருகே கரைகடந்த பெங்கல் புயலை நாட்கள் முன்னரே அறிவித்த வானிலை நிலையத்தாரைத் தீர்க்கதரிசிகள் என்றல் வேண்டும். அங்ஙனம் கூறுவார் எவருமிலர். அவர்தம் அறிவிப்பிற் சிறிது பிழைபட்டாற் பழிகூறுவாரே பலர்.

எபிரேய நூலுள் அச்சொல்லின் பொருள் விளங்கும் இடம் ஒன்றுண்டு. மோசே என்பார் தமக்கு நாவன்மை இல்லையென்று பின்வாங்கியபொழுது, அவர் தமையனார் ஆரோன் அவருக்குத் தீர்க்கதரிசியாவர் என்று இறைவன் அமைத்ததாக அந்நூல் கூறும். ஆண்டு அச்சொற்குப் பொருள் வாய் என்பதேயன்றிக் கண் என்பது அன்று. ஒருவர்தம் சொல்லை மற்றொருவர் வாயாக நின்று கூறுவது தீர்க்கதரிசனமாம். எனவே அவர் காண்பவர் அல்லர், கூறுபவர். அதிலும் தம்முடையதல்லாத சொல்லைக் கூறுபவர் என்க.

இனி, குருசுக்குப்பத்து முதியவர் கூறிய வரலாற்றையும், அதற்கு அயலதாகிய வரலாறு ஒன்றனையும் அருகருகே வைத்து நோக்குவாம். இரண்டும் கடலிடை நிகழ்ந்தன. இரண்டிலும் மீன் உண்டு.

நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி என்னும் சேரியில் நுளையர் தலைவராக விளங்கியவர் அதிபத்தர். வலையிற்படும் மீன்களுள் ஒன்றை இறைவற்கென்று கடலில் விடுதல் அவர் மேற்கொண்ட நியமம். நாளடைவில் மீன்பாடு குறைந்து, நாளொன்றுக்கு ஒரு மீனே அகப்படலாயிற்று. அவ்வொன்றையும் அவர் கடலிலேயே விட்டனர். செல்வம் சுருங்கியது, சுற்றம் பசித்தது, அவர்தம் உடம்பு தளர்ந்தது. பின்னர் ஒருநாள், பொன்னும் மணியுமே உறுப்பாய் அமைந்து உலகையே விலைபெறும் மீன் ஒன்று வலையில் வந்தது. உடனிருந்தோர் வியந்து கூவினர். நாயனாரோ அதனையும் முன்னையவற்றைப் போலவே அலையில் விடுத்தனர். இறைவன் விடைமேல் வெளிப்பட்டு அருள் செய்தனன். சேக்கிழார் பெருமான் அருளிய வரலாறு இவ்வளவே. ஆவணித் திங்களில் நாகையில் இன்றும் இந்நிகழ்ச்சி விழாவாகக் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாற்றில் அதிபத்தர் ஊரார்க்கு உரைத்தது யாது? யாதும் இல்லை. மீனை விடுமின் என்று அவர் எவரையும் ஏவினாரல்லர். பசித்த சுற்றத்தார்க்குத் தத்துவம் பேசித் தேற்றினார் என்பதும் இல்லை. அவர் செயலைக் காண ஒருவரும் இல்லாதிருந்திருப்பினும் அச்செயல் குறைவுடையதாகாது. நள்ளிருளில் தனிமரத்திலிருந்து விடுத்திருப்பினும் அம்மீன் சேரவேண்டிய இடத்தையே சேர்ந்திருக்கும்.

மற்றொன்று யோனா என்பாரின் வரலாறு. நபிமார் வரிசையில் யூனுசு என இசுலாமியரும் போற்றும் அவரை, நினிவே மாநகர்க்குச் சென்று அதன் தீமையை எடுத்துரைக்குமாறு இறைவன் ஏவினன். அவர் அதற்கு எதிர்த்திசையில் யோப்பாத் துறையிற் கப்பலேறி ஓடினர். கடல் கொந்தளித்தது. மாலுமிகள் அவரைக் கடலில் எறிந்தனர். பெருமீன் ஒன்று விழுங்கியது. மூன்று நாட்களின் பின் கரையில் உமிழப்பட்ட அவர் வேறு வழியின்றி நினிவேக்குச் சென்று, நாற்பது நாளில் அந்நகர் அழியும் என்று கூறினர். நகரத்தார் அஞ்சி அரசன் முதலாக நோன்பிருந்து திருந்தினமையால் இறைவன் அழித்திலன். தம் சொல் பொய்த்ததே என்று யோனா வெகுண்டு, நகர்ப்புறத்தே சென்று அமர்ந்தனர். நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்கும் வெகுண்டனர். செடிக்கு இரங்கும் நீ, வலக்கை இடக்கை அறியாத இத்துணை மக்களுக்கு யான் இரங்கலாகாதோ என்னும் கருத்துப்பட இறைவன் வினவுவதோடு அந்நூல் முடிகின்றது. யோனா என்ன விடை கூறினர் என்பது அந்நூலில் இல்லை. அயற்சமய நூலேயாயினும் அம்முடிவின் நயம் போற்றத்தக்கது.

இங்கே ஓடியவரும் வெகுண்டவரும் யோனாவே. ஆயினும் அவர் சொல்லால் ஒரு மாநகர் பிழைத்தது. அவர் வருங்காலமாகக் கூறியது நிகழவில்லை. நிகழாமையே அச்சொல்லின் பயன். தீர்க்கதரிசி என்பதற்கு வருவதுரைப்போர் என்று பொருள் கொள்வார் யோனாவைத் தோற்றவர் என்றே கருதல் வேண்டும். வாயாக நின்றவர் என்று கொள்வார்க்கு அவர் தம் பணியை முற்ற முடித்தவராவர்.

இவ்விரு மீன்களாலும் விளங்குவது யாது? தீர்க்கதரிசிக்குக் கேட்போர் இன்றியமையாதவர். அடியார்க்குக் கேட்போர் வேண்டுவதில்லை. தீர்க்கதரிசியின் பெருமை அவர் சுமந்த சொல்லைப் பற்றியது. அடியாரின் பெருமை அவர் நின்ற நிலையைப் பற்றியது. சைவசித்தாந்தத்தின் மொழியிற் கூறுவதாயின், தீர்க்கதரிசியினிடத்துத் தற்போதம் அழியவேண்டுவதில்லை. அவர் வாய் மட்டுமே இரவலாகக் கொள்ளப்படுகின்றது. ஆதலாற்றான் யோனா தூது முடிந்தபின்னும் வெகுள முடிந்தது. அதிபத்தரிடத்தோ வெகுள்வதற்கு ஒருவர் எஞ்சியிருந்திலர்.

இரவல் மீட்கப்படுவதும் உண்டு. ஆமோசு என்னும் எபிரேயர் ஆடுமாடு மேய்த்தும் அத்திமரம் பேணியும் வாழ்ந்தவர். தாம் தீர்க்கதரிசியும் அல்லர், தீர்க்கதரிசியின் மகனும் அல்லர் என்று தாமே கூறியவர். அழைக்கப்பட்டபொழுது கூறினர், அவ்வளவே. குருசுக்குப்பத்தினின்றும் நடந்து செல்லும் தொலைவிலேயே இதற்குப் பிற்காலத்து ஒப்பு ஒன்று உண்டு. அரவிந்தர் 1908-இல் அலிப்பூர் வழக்கிற் சிறைப்பட்டபொழுது அவருக்காக வாதாடிய சித்தரஞ்சன தாசர், அவரைத் தேசியத்தின் தீர்க்கதரிசியாகப் பிற்காலம் போற்றும் என்றனர். விடுதலையுற்ற அரவிந்தர் 1909 மே 30-இல் உத்தரபாராவில் ஆற்றிய உரையில், சிறையில் தமக்குக் கிடைத்த இறைவாக்கையே நாட்டார்க்கு உரைத்தனர். அஃது ஐயமின்றித் தீர்க்கதரிசியின் குரல். மறுஆண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் புதுவைக்கு வந்தவர், மேடைகளை ஒருவி யோகத்தில் அமர்ந்தனர். 1926 நவம்பர் 24-க்குப்பின் பெரும்பாலும் தனிமையிலேயே உறைந்து 1950 திசம்பர் 5-இல் உடல் நீத்தனர். இவ்விரண்டு நிலைகளுள் எஃது உயர்ந்தது என்று வழக்கிடுவார் பலர். வழக்கிடுதற்கு ஒன்றும் இல்லை. முன்னது நாட்டாரை நோக்கிய பணி. பின்னது தம்மை நோக்கிய தவம். ஒருவரே இரண்டனையும் மேற்கொள்ளலாம், ஒன்று மற்றொன்றாகிவிடாது.

இனிச் சிறுவன் வினாவிற்கு வருவாம். சைவத்திலே தீர்க்கதரிசி இல்லாமைக்குக் காரணம் இறைவன் பேசாமை அன்று. இடையில் ஆள் வைத்துப் பேசாமையே. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் எட்டாஞ் சூத்திரத்துள் இதனை நிறுவியருளினர். வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனுக்கு, நீ எம் மகன் என்று அறிவித்து அழைத்துச் செல்லத் தந்தையே வருதல்போல, ஐம்புலன்களிடையே அயர்ந்த உயிர்க்குத் தவமுதிர்ச்சிக்கண் இறைவனே குருவாய் வந்து உணர்த்துவன். விஞ்ஞானகலர்க்கு உள்நின்றும், பிரளயாகலர்க்கு வடிவுகொண்டு முன்நின்றும், சகலராகிய நம்மனோர்க்கு மானிட ஆசாரியனை இடமாகக் கொண்டும் அவன் உணர்த்துவன் என்பது சித்தாந்தத் துணிபு.

அற்றேல், அம்மானிட ஆசாரியனையே தீர்க்கதரிசி என்னலாமோ எனின், அற்றன்று. தீர்க்கதரிசி தெருவில் நின்று ஒரு நாட்டினர் அனைவர்க்கும் ஒரே சொல்லைக் கூறுபவர். கேட்போரின் பக்குவம் அவர்க்குக் கணக்கன்று. ஆசாரியனோ மலபரிபாகமும் சத்திநிபாதமும் நோக்கி ஓருயிர்க்கு அதற்குரியதனையே உணர்த்துபவன். ஒரு மருந்தையே ஊர் முழுதும் தெளிப்பவர்க்கும், நாடி பார்த்து ஒருவர்க்கு ஒன்று கொடுப்பவர்க்கும் உள்ள வேறுபாடு இது. கொள்ளைநோய்க் காலத்து முன்னதும் வேண்டப்படுமன்றோ எனின், அது நல்ல வினாவே, பின்னர் நோக்கப்படும்.

திருஞானசம்பந்தப் பிள்ளையாரை இங்கு நினையாதிருத்தல் இயலாது. தம் உரை இறைவனுடைய உரையே என்று அவர் வெளிப்படையாக அருளிச்செய்தனர். திருக்கடைக்காப்புக்களிற் பயன் கூறுமிடத்து ஆணையிட்டும் கூறினர். மதுரைக்குச் சென்று மன்னனையும் நாட்டையும் திருப்பினர். இவையனைத்தும் தீர்க்கதரிசியின் செயல்களே போலத் தோன்றும். உற்று நோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாம். எபிரேயத் தீர்க்கதரிசி, இது கர்த்தர் வாக்கு என்று கூறித் தம்மைப் பிரித்து நிறுத்திக்கொள்வர். பிள்ளையாரோ ஆணையைத் தமதாகவே கூறுவர். தூதன் தன் அரசன் ஆணையைத் தன் ஆணை என்பானாயின் அது பெருங்குற்றம். மகன் அங்ஙனம் கூறுவது உரிமை. உமையம்மையார் ஞானப்பால் ஊட்டிய மகவிற்குத் தூதன் என்னும் பெயர் உயர்வாகாது, குறைவேயாம்.

ஆதலின், முதியவர் தம் பெயரனுக்கு, "கடவுள் நம்மவரோடு பேசாதிருக்கவில்லையப்பா, ஆள் அனுப்பாமல் தாமே வந்தார்" என்று கூறலாம். சித்தாந்த நூல்கள் அவருக்குத் துணை நிற்கும்.

ஆயினும் வழக்கு இத்துடன் தீர்ந்துவிடவில்லை. நேர்மையுடையார் தம் பக்கத்துக் கணக்கையும் பார்த்தல் வேண்டும். பிறன்மனை கவர்ந்து அவள் கணவனையும் கொல்வித்த தாவீது அரசனிடம், நாத்தான் என்னும் தீர்க்கதரிசி ஏழையின் ஓர் ஆட்டுக்குட்டியைக் கவர்ந்த செல்வன் கதையைக் கூறி, அரசன் சினந்து அவனைக் குற்றவாளி என்றவுடன், அவன் நீயே என்று முகத்தெதிரே உரைத்தனர். ஆமோசு, ஏழையை விற்கும் செல்வர்களைக் கோயில் வாயிலிலேயே கடிந்தனர். அந்நாட்டில் இஃதொரு நிலைபெற்ற பணி. நம் நாட்டில் திருநாவுக்கரசு சுவாமிகள் பல்லவனுக்கு அஞ்சாது நின்றது உலகறிந்தது. எனினும் அவர் அரசனைத் திருத்தும் பொருட்டு அரண்மனைக்குச் சென்றவர் அல்லர். அழைப்பு வந்தபொழுது அடிமைத்திறம் வேறொருவர்க்கு உரியதன்று என்று மறுத்தவர். அடியார் தம் நிலையிற் பிறழாமையால் உலகிற்கு விளக்காவர். கதவைத் தட்டி, உன் வீட்டிற் பொய் இருக்கின்றது என்று கூறுதல் அவர்தம் தொழிலன்று.

இதனால் விளைந்த இழப்பு யாது? நந்தனார் என வழங்கும் திருநாளைப்போவார் தில்லையின் எல்லையில் நின்று ஏங்கியதையும், வேள்வித்தீயிற் புக்கு எழுந்ததையும் பாடி உருகினோம். அவரை எல்லையில் நிறுத்திய வழக்கத்தைக் கடிந்து கூற அக்காலத்து ஒரு குரல் எழவில்லை. அவர் அடியார் என்று தொழுத நாடு, அவர் குலத்தாரை அதன்பின் பன்னூறாண்டு வாயிலிலேயே நிறுத்திற்று. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அம்மக்கள் அழைத்துச் செல்லப்பெற்றது 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாளில். அதற்குத் தூண்டுகோலாய் எழுந்தது காந்தியடிகளின் இயக்கமேயன்றிச் சைவமடங்களின் குரல் அன்று. கொள்ளைநோய்க்கு ஊர் முழுதும் தெளிக்கும் மருந்தும் வேண்டும் என்று மேலே குறித்தது இதுபற்றியேயாம். நாடி பார்த்து ஒவ்வொருவராக மருந்து கொடுத்த மரபு, தெரு முழுதும் பரவிய நோயைத் தனக்குரியதன்று என்று விட்டுவிட்டது.

அங்ஙனமாயின் சைவத்திலே அத்தகைய குரல் ஒருபொழுதும் எழவில்லையோ எனின், எழுந்தது. எழுந்தபொழுது அதனை இன்னதென்று அறிய ஒருவராலும் இயலவில்லை.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் தோன்றிய இராமலிங்க அடிகளார், இளமையிற் சென்னையிலிருந்து கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர்ப் பெருமானையும் பாடினர். பின்னர்த் தில்லைக் கூத்தனையும் நால்வரையும் உருகிப் பாடினர். அப்பாடல்களிற் பெரும்பகுதி 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியாரால் திருவருட்பா என்னும் பெயரோடு வெளியிடப்பெற்றது. அப்பதிப்பிற்கு உதவியவர்களுள் ஒருவர் புதுவை வேலு முதலியார். இவ்வகையில் இந்நகர்க்கும் அந்நூலில் ஒரு பங்குண்டு. இந்நிலைவரை அடிகளார் அடியார் மரபினர் என்பதில் நடுநிலையாளர்க்கு ஐயம் எழாது.

ஆயின் அவர் ஆண்டோடு நில்லாது மேலும் நடந்தனர். 1865-இல் அவர் நிறுவிய சங்கத்திற்குச் 'சமரச வேத சன்மார்க்க சங்கம்' என்று பெயர். 1872-இல் அப்பெயர் 'சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்' என்று மாற்றப்பட்டது. 'வேத' என்பது போய்ச் 'சுத்த' என்பது வந்தது. ஒரு சொல் மாற்றத்தில் ஒரு வாழ்வின் திருப்பமே அடங்கியிருக்கின்றது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்திற் கொடியேற்றிக் கூடியிருந்தோர்க்கு உரைத்த பேருபதேசத்தில், வேதாகமங்களிலும் சமயங்களிலும் பற்று வைத்தல் வேண்டா என்றும், தமக்கும் முன்னர்ச் சைவத்தில் மிக்க பற்று இருந்தது என்றும், அது நீங்கியது என்றும் கூறினர். சாதியும் சமயமும் பொய்யென்றும், இறைவன் வெளிப்படுங் காலம் அணித்தென்றும், இறந்தோரைச் சுடாது புதைத்தல் வேண்டுமென்றும், அவர் எழும் நாள் உண்டென்றும் உரைத்தனர். தென்னார்க்காட்டு மாவட்ட விவரநூலை 1906-இல் எழுதிய ஆங்கில அதிகாரி பிரான்சிசு என்பாரும் இப்புதைக்கும் போதனையைக் குறித்துள்ளனர். இவையெல்லாம் ஓருயிர்க்குப் பக்குவம் நோக்கி உணர்த்தியன அல்ல. உலகத்தீரே என்று அனைவரையும் விளித்துத் தெருவில் நின்று கூறியவை. கேளாதிருந்தமைக்கு நொந்ததும் உண்டு. கடைவிரித்தும் கொள்வார் இல்லையே என்று அவர் வருந்தியதனை அறியாத தமிழர் இலர். கேட்போர் இன்மைக்கு வருந்துவது தீர்க்கதரிசியின் துயரம். அதிபத்தர்க்கு அத்துயரம் இல்லை.

இங்கே இருசாராரும் அளவுகோலை மாற்றிப் பிடித்தனர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் அவரைச் சார்ந்தோரும், இவர் பாடல் அருட்பாவாமோ, நால்வர் திருமுறைக்கு நிகராமோ, அவர்போல் அற்புதம் நிகழ்த்தினரோ என்று வினவினர். போலியருட்பா மறுப்பு 1868-இல் எழுந்தது. 1869-இல் மஞ்சக்குப்பத்து நீதிமன்றம் வரை பூசல் சென்றது. நாவலர் சைவத்திற்கும் தமிழ்ப் பதிப்புத் துறைக்கும் ஆற்றிய தொண்டு மறக்கற்பாலதன்று; திருமுறையின் தூய்மையைக் காத்தல் தம் கடன் என்று அவர் கருதியதிலும் பிழையில்லை. ஆயின் அவர் அளந்தது அடியாரை அளக்குங் கோலால். 'இவர் சம்பந்தரோ?' என்பது அவர் வினா. 'இவர் கூறுவது மெய்யோ? ஏழையின் பசியும் சாதியின் கொடுமையும் இவர் கூறுமாறே இருக்கின்றனவோ?' என்பதன்றோ கேட்கற்பாலது!

அன்பர்களோ மறுபுறத்தே சென்றனர். தண்ணீரால் விளக்கெரித்தமை முதலிய அற்புதங்களைத் தொகுத்து, நாவலர் கேட்ட சான்றுகளை அவர் கேட்டவாறே கொடுக்க முயன்றனர். வேலாயுத முதலியார் 1882-இல் பிரமஞான சபையார்க்கு அளித்த வாக்குமூலம் இன்னும் வியப்புடையது. உருசிய நாட்டிலிருந்தும் அமெரிக்க நாட்டிலிருந்தும் சகோதரத்துவம் பரப்புவோர் வருவர் என்று அடிகளார் முன்னறிந்து கூறினர் என்பது அது. உருசியராகிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கராகிய ஆல்காட்டும் இந்நாடு போந்திருந்த காலம் அஃது. ஆசிரியரிடத்து முதலியார் கொண்ட அன்பு ஐயுறற்பாலதன்று. ஆயினும் வாயாக நின்றவரைக் கண்ணாக்கிய பழைய பிழையே ஈண்டும் நிகழ்ந்தது. உலகத்தார் பசியாற்றுக என்ற சொல் பின்னே தள்ளப்பட்டு, வருவார் பெயர் முன்னறிந்த திறமே முன்னே வைக்கப்பட்டது.

நாற்பதாண்டு நீடித்த அப்பூசலில், பிற்காலத்து அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியவர்களுள் மறைமலையடிகளாரோடு செய்குத்தம்பிப் பாவலரும் ஒருவர். நபித்துவம் முற்றுப்பெற்றுவிட்டது என்னும் மார்க்கத்தினராகிய பாவலர், சைவர் நூலொன்றைச் சைவர்க்கெதிரே காத்துப் பேசியது இத்தமிழ்நாட்டின் இனிய விந்தைகளுள் ஒன்று.

அடிகளார் கூறியவை அனைத்தும் சைவசித்தாந்தத்திற்கு உடன்பாடாவன அல்ல. ஆகமப் பற்றொழிதலும், இறந்தார் உடலோடு எழுதலும் மெய்கண்ட நூல்கட்கு முரணாவன என்பதை மறைத்தற்கில்லை. அவற்றை மறுத்துரைத்தல் சித்தாந்திகளின் உரிமை. மறுத்தே தீர்தல் வேண்டும். ஆயின் மறுப்பு வேறு, செவி மூடுதல் வேறு. தீர்க்கதரிசியின் சொல்லிற் சில பிழைபட்டவிடத்தும், அவர் சுட்டிய நோய் உண்மையாக இருத்தல் கூடும். யோனா குறித்த நாற்பதாம் நாளில் நினிவே அழியவில்லை. அந்நகரின் தீமை உண்மையே.

அடிகளார் 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்துச் சித்திவளாக அறையினுட் புக்கனர். மீண்டும் எவரும் அவரைக் கண்டிலர். ஆறாந் திருமுறை 1885-இல்தான் அச்சேறிற்று. அவர் எழுப்பிய சத்திய ஞானசபையின் நெறிபற்றிய வழக்குகள் பின்னும் தொடர்ந்தன. 1867 மே 23-ஆம் நாள் வடலூரில் அவர் தொடங்கிய சத்திய தருமசாலையின் அடுப்பு மட்டும் எவ்வழக்கிற்கும் உட்படாது இன்றளவும் எரிந்துகொண்டிருக்கின்றது. அங்கே பந்தியில் அமர்வாரை, நீவிர் எச்சமயத்தீர் என்றேனும் எக்குலத்தீர் என்றேனும் வினவுவார் இலர்.